ஆள் உருவம் சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

நேரில் ஒருவரைப் பார்த்து வரைகிறோம். படம் எங்கோ உதைக்கிறது. மூக்குதான் சரியில்லை என்று தோன்றுகிறது. அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறோம். மறுபடியும் அழிக்கிறோம். நான்காவது முறை தாளே பஞ்சுபோல் ஆகிவிடுகிறது, மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. பெரும்பாலும் மூக்கில் பிழையே இருக்காது. தலையின் சாய்வு தவறியிருக்கும். அந்தச் சாய்வில் எந்த மூக்கைக் கொண்டுவந்து வைத்தாலும் பொருந்தாது.

ஆள் உருவத்தில் பிழை கண்ணில் படும் இடம் ஒன்று, பிழை நடந்த இடம் வேறொன்று. அதனால் கீழே உள்ளதை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

அதற்கு முன் ஒரு சோதனை. ரப்பரைத் தள்ளி வையுங்கள். படத்தை நிமிர்த்தி வைத்து, இரண்டு மூன்று அடி பின்னால் போய்ப் பாருங்கள். பிறகு கண்ணாடியில் காட்டுங்கள், அல்லது தலைகீழாகத் திருப்புங்கள். அரை மணி நேரம் உற்றுப் பார்த்த கண் பிழைக்குப் பழகிப்போயிருக்கும். கண்ணாடியில் இடம் வலம் மாறியதும் அந்தப் பழக்கம் உடைந்துவிடும். முதலில் எது உறுத்துகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் இருக்கிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: தலையில் ஆரம்பித்து, கண், காது, முடி என்று ஆசையாக வரைந்துகொண்டே இறங்குகிறோம். முழங்கால் வரும்போது தாள் தீர்ந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் இடத்தில் காலை மடக்கித் திணிக்கிறோம்.

இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்கெட்ச் புக்கை மடியிலோ மேசையிலோ படுக்கையாக வைத்து வரைந்தால், தாளின் மேல்பகுதி கண்ணிலிருந்து தள்ளி இருக்கும். தள்ளி இருப்பது சிறுத்துத் தெரியும். அதை ஈடுகட்ட, நம்மை அறியாமலே அங்கே பெரிதாக வரைந்துவிடுவோம். வரையும்போது எல்லாம் சரியாகவே தெரியும். தாளைத் தூக்கி நிறுத்தினால்தான் தலை வீங்கியிருப்பது புரியும். எது காரணம் என்று கண்டுபிடிப்பது சுலபம்: வரைந்த அதே நிலையில் படுக்கவைத்துப் பாருங்கள். அப்போது சரியாகவும், நிமிர்த்தினால் தவறாகவும் தெரிந்தால் தாளின் சாய்வுதான் காரணம். ஒரு அட்டையின் மேல் தாளை வைத்து, பார்வைக்கு நேராக வரும்படி சாய்த்துப் பிடித்து வரையுங்கள்.

முதல் காரணத்துக்கு மருந்து இது. எதை வரையும் முன்பும், உச்சந்தலை எங்கே, பாதம் எங்கே என்று இரண்டு சிறு கோடுகளைப் போட்டுவிடுங்கள். அவற்றுக்கு நடுவே பாதியைக் குறியுங்கள். நிற்கும் பெரியவருக்கு அந்தப் பாதி ஏறக்குறைய இடுப்பெலும்புக்குக் கீழே, கால்கள் பிரியும் இடத்தில் வரும். ஒரு பெரியவரின் உயரம் ஏழு முதல் ஏழரைத் தலை அளவு. சிறு குழந்தைக்கு நாலு தலை அளவுதான். ஆனால் இந்த எண்களை நம்பி வரையாதீர்கள், சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் ஆறரைத் தலை உயரம் என்றால் அவர் ஆறரைதான்.

பென்சிலை நீட்டி அளக்கும்போது முழங்கை மடங்கக் கூடாது, ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு மாறிவிடும். தலைக்கு ஒரு தூரத்திலும் காலுக்கு வேறு தூரத்திலும் பென்சிலைப் பிடித்து அளந்துவிட்டு, அளந்தும் தப்பாக வருகிறதே என்று வருந்துபவர்கள் நிறையப் பேர்.

கையும் பாதமும் சிறுத்துப்போவது இதன் தம்பிப் பிழை. விரித்த உள்ளங்கையை முகத்தில் வைத்துப் பாருங்கள்: மோவாயிலிருந்து நெற்றி வரை மூடிவிடும். பாதத்தின் நீளம் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள நீளத்தை ஒட்டி இருக்கும். இவ்வளவு பெரிதா என்று தயங்கித்தான் எல்லோரும் சிறிதாக வரைகிறோம்.

ஆள் விழுந்துவிடுவார்போல் இருக்கிறது

தொண்டைக்குழியிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இறக்குங்கள். எதிரே இருக்கும் ஆளுக்கும் இறக்குங்கள், படத்திலும் இறக்குங்கள். ஒரே காலில் எடையைப் போட்டு நிற்பவருக்கு அந்தக் கோடு எடை தாங்கும் காலின் கணுக்காலுக்கு அருகே வந்து விழும். இரண்டு காலிலும் சமமாக நின்றால் கால்களுக்கு நடுவே விழும். படத்தில் வேறெங்கோ விழுகிறது என்றால் பாதத்தை நகர்த்துங்கள், இல்லையேல் உடம்பின் சாய்வை மாற்றுங்கள். தலையையும் தோளையும் தொடவே வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மதியம் ஆனது. ஒரு காத்திருப்பு அறையில் நின்றுகொண்டிருந்த இளைஞர் ஒருவரை 2பி பென்சிலில் வரைந்தேன். ஒரு காலை மடக்கி, கையில் கைப்பேசியோடு நின்றார். சட்டை மடிப்பு, குனிந்த கழுத்து எல்லாம் மனசுக்குப் பிடித்த மாதிரி வந்தன. ஆனால் படத்தில் அவர் பின்பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தார். காலை மூன்று முறை மாற்றினேன். கடைசியில் தொண்டைக்குழிக் கோட்டை இறக்கிப் பார்த்தால், அது பாதத்துக்கு வெளியே, பின்னால் போய் விழுந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவருக்கும் அப்படித்தான் விழுந்தது. அவர் சுவரில் சாய்ந்திருந்தார். நான் சுவரை வரையவில்லை. தோளுக்குப் பின்னால் ஒரே ஒரு செங்குத்துக் கோடும், தோள் சுவரைத் தொடும் இடத்தில் கொஞ்சம் நிழலும் போட்டேன். விழுவது நின்றுவிட்டது. காலை அழித்த தழும்பு மட்டும் அந்தத் தாளில் இன்னும் இருக்கிறது.

எனவே சாய்ந்தவர், உட்கார்ந்தவர், தடியூன்றியவர் யாராக இருந்தாலும், எடை எங்கே இறங்குகிறது என்பதைப் பார்த்து அந்த இடத்தை முதலில் வரையுங்கள். நாற்காலி முழுவதும் வேண்டாம். தொடை அழுந்தும் இருக்கையின் விளிம்பு போதும்.

மரப்பாச்சிபோல் விறைத்து நிற்கிறது

அளவெல்லாம் சரி, உயிர்தான் இல்லை. அதிகம் பேர் சொல்லும் குறை இது. கை ஓட்டம் போதவில்லை என்று நினைத்து வேகமாகக் கிறுக்க ஆரம்பிப்பார்கள். அது உதவாது. கீழே உள்ள மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.

முதலில் தோள்கோடும் இடுப்புக்கோடும். ஒரு காலில் எடை போட்டு நிற்பவருக்கு, எடை தாங்கும் பக்கம் இடுப்பு உயரும். பெரும்பாலும் அதே பக்கத்தில் தோள் இறங்கும். இரண்டும் எதிரெதிராகச் சாய்வதால்தான் நிற்பதில் ஒரு தளர்வு தெரிகிறது. படத்தில் இரண்டும் கிடைமட்டமாக இருந்தால் விறைப்பு அங்கேதான் பிறந்திருக்கிறது. ஆடை மறைத்திருந்தால் பெல்ட்டின் சாய்வு, சட்டையின் கீழ்விளிம்பு ஆகியவை காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது, இருபக்கக் கோடுகளும் கண்ணாடிப் பிம்பம்போல் இருக்கின்றனவா? காலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் கெண்டைக்காலின் வெளிப்பக்க வளைவு மேலேயும், உள்பக்க வளைவு அதைவிடக் கீழேயும் இருக்கும். கணுக்காலில் இது தலைகீழ்: உள்பக்க எலும்பு உயரத்தில், வெளிப்பக்க எலும்பு தாழ்வாக. கையிலும் இப்படியே மாறி மாறி வரும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் புடைத்தால் கால் கடைந்தெடுத்த நாற்காலிக் காலாகிவிடும். உங்கள் காலையே குனிந்து ஒரு முறை பாருங்கள், அப்புறம் மறக்காது.

மூன்றாவது, அவுட்லைனை மூடிவிட்டீர்களா? உருவத்தைச் சுற்றி ஒரே தடிமனில், எங்கும் விடுபடாத கோடு ஓடினால் அது வெட்டி ஒட்டிய அட்டைபோல் ஆகிவிடும். வெளிச்சம் விழும் தோளில் கோட்டை விட்டுவிடுங்கள். அழுத்தம் விழும் இடங்களில், அதாவது அக்குள், மடங்கிய முழங்கை, நாற்காலியைத் தொடும் தொடை ஆகிய இடங்களில் அழுத்துங்கள்.

இவற்றுக்குப் பழக்கம் வேண்டுமென்றால், ஒரு படத்துக்கு முப்பது விநாடி என்று வைத்துக்கொண்டு பத்துப் படங்கள் போடுங்கள். முப்பது விநாடியில் முகமோ விரலோ வராது, வரவும் வேண்டாம். உச்சந்தலையிலிருந்து எடை தாங்கும் பாதம் வரை ஓடும் ஒரு நீளக் கோடு, தோள் சாய்வு, இடுப்புச் சாய்வு. இந்த மூன்றும் கிடைத்தால் போதும்.

வரைவதற்குள் ஆள் அசைந்துவிடுகிறார்

அசையத்தான் செய்வார். பொது இடத்தில் இருப்பவர் நமக்காக உட்காரவில்லை. ஆனால் மனிதர்கள் ஒரே நிலைக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பதைக் கவனித்தால் பாதிப் பதற்றம் போய்விடும். படிப்பவர் தலையைத் தூக்குவார், மறுபடி குனிவார். காத்திருப்பவர் காலை மாற்றுவார், பிறகு பழைய காலுக்கே வருவார். எனவே ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று படங்களை ஒன்றாக ஆரம்பியுங்கள். நிலை மாறினால் அடுத்த படத்துக்குப் போங்கள், பழைய நிலைக்கு வந்தால் திரும்பி வாருங்கள்.

இங்கே நடக்கும் உண்மையான பிழை வேறு. ஆள் நகர்ந்ததும், புதிய கையைப் பழைய தோளில் மாட்டிவிடுகிறோம். படத்தில் கை உடைந்ததுபோல் தெரிவதற்கு இதுதான் காரணம். நகர்ந்துவிட்டால் நினைவில் இருப்பதை மட்டும் போடுங்கள், இல்லையென்றால் அந்தக் கையை விட்டுவிடுங்கள். பத்து விநாடி பார்த்து, கண்ணை எடுத்து, பார்க்காமலே வரைந்து பழகினால் இந்த நினைவு சில வாரங்களில் வலுப்படும்.

சீக்கிரம் மாறக்கூடியதை முதலில் வரைய வேண்டும். தலையின் சாய்வும் கையும் முதலில். சட்டைப் பொத்தான், பை, நாற்காலி எல்லாம் பிறகு. வரைவதை அவர் கவனித்துவிட்டால் மறைக்காதீர்கள். புன்னகைத்துப் படத்தைக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவதுதான் மரியாதை.

முகச்சாயல் வரவில்லை

கண்ணை அளக்கும் முன் தலையை அளக்க வேண்டும். உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுவில், சரியாகப் பாதியில் கண் இருக்கும். முகத்தில் நமக்கு ஆர்வம் கண்ணிலும் வாயிலும் என்பதால் அவற்றுக்கு இடம் கூட்டி, நெற்றியையும் மண்டையையும் வெட்டிவிடுகிறோம். சாயல் வரவில்லை என்று காட்டப்படும் படங்களில் பாதிக்கு மேல் மண்டையே இல்லாதவை.

தலை குனிந்தால் காது கண்ணைவிட மேலே போகும், நிமிர்ந்தால் கீழே வரும். குனிந்து தூங்குபவரை வரையும்போது, காதை வழக்கம்போல் கண்மட்டத்தில் வைத்துவிட்டால் எவ்வளவு திருத்தினாலும் அவர் குனியமாட்டார்.

இவை சரி என்றால், இரு கண்களின் வெளிமுனைகளையும் மூக்கின் அடியையும் இணைத்து ஒரு முக்கோணம் போடுங்கள். ஒருவருக்கு அது அகலமாக இருக்கும், இன்னொருவருக்கு ஒடுங்கியிருக்கும். அந்த ஆளின் முக்கோணம் வந்துவிட்டால், கண்ணுக்குப் பதிலாக இரண்டு நிழல் திட்டுகளை வைத்தாலும் தெரிந்தவர்கள் அடையாளம் சொல்வார்கள்.

இளம் முகம் வயதாகித் தெரிந்தால்: மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பைக் கோடாகப் போட்டிருப்பீர்கள், அல்லது பல்லைத் தனித்தனியாகப் பிரித்திருப்பீர்கள். இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

நம்மை நோக்கி நீட்டிய கை, கால் முன்னே வராமல் தட்டையாக ஒட்டிக்கொண்டதுபோல் தெரிகிறது

கை நீளமானது என்று மூளைக்குத் தெரியும். அதனால் கண் பார்ப்பதை நம்பாமல் நீட்டிவிடும். கையைப் பார்க்காதீர்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தின் வடிவத்தைப் பார்த்து அதை வரையுங்கள். பிறகு, எது எதற்கு முன்னால் இருக்கிறது என்பதைக் கோடு கோட்டை மறைப்பதன் மூலம் காட்டுங்கள்: முழங்காலின் கோடு தொடையின் கோட்டை வெட்டிக்கொண்டு முன்னே வர வேண்டும். நேர் எதிரே உட்கார்ந்தவரின் தொடை, நாம் பார்க்கும் கோணத்தில், சில சமயம் ஒரு விரல் அகல நீளம்கூட இருக்காது. அதைத் துணிந்து அப்படியே போடுங்கள்.

கரியில்: படம் முழுக்கச் சாம்பல் நிறச் சேறு

சார்க்கோலில் இரண்டு வகை உண்டு. அவை நடந்துகொள்ளும் விதம் தெரியாததால் வரும் தொல்லை இது. வில்லோ மரம், திராட்சைக்கொடி போன்றவற்றின் குச்சிகளைக் காற்றுப் புகாமல் சுட்டு எடுப்பது ஒன்று. அது தாளின் மேல் தளர்வாக உட்காரும். துணியால் தட்டினாலே பாதி போய்விடும். மற்றது கரிப்பொடியைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்வது, கம்ப்ரெஸ்ட் என்று விற்பார்கள். கன்னங்கரேலென்று இருக்கும், ஆனால் முழுதாக அழியாது. ஆரம்பத்திலேயே இதை எடுத்தால் பிறகு எதைத் திருத்தினாலும் சேறுதான். தேடுவதெல்லாம் குச்சிக்கரியில், கடைசி ஐந்தாறு ஆழ்ந்த கறுப்புகள் மட்டும் அழுத்துகரியில்.

விரலால் தேய்க்கும் பழக்கமும் சேற்றை வளர்க்கும். விரலின் எண்ணெய்ப்பசை கரியைத் தாளின் இழைக்குள் ஏற்றிவிடும், அப்புறம் ரப்பர் எடுக்காது. துணியோ காய்ந்த தூரிகையோ வைத்துத் தேய்த்துவிடுங்கள்.

சேறாகிவிட்ட படத்தைத் தூக்கிப்போட வேண்டாம். கண்ணைச் சுருக்கி ஆளைப் பாருங்கள். விவரங்கள் மறைந்து, வெளிச்சத்திட்டு, இருள்திட்டு என இரண்டு மூன்று பெரிய பகுதிகள் மட்டும் தெரியும். பிசைந்து உருமாற்றக்கூடிய ரப்பரைக் கூராக்கி, மிக வெளிச்சமான இடத்தில் மட்டும் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள்: கன்ன எலும்பின் மேல்பக்கம், மூக்குத்தண்டு, தோளின் முனை. அவ்வளவுதான். நாலு வெளிச்சம் திரும்பியதும் மிச்சச் சாம்பல் எல்லாம் நிழலாக மாறிவிடுவதைப் பார்க்கலாம். எனக்கு இந்த வேலை முழுக்கவும் மிகப் பிடித்த கணம் அது.

எல்லா இடத்தையும் ஒரே அளவுக்கு முடிக்க முயல்வதும் சேற்றுக்கு ஒரு காரணம். ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933-இல் கரியில் வரைந்த தற்சித்திரத்தைத் தேடிப் பாருங்கள். முகமும் கரியைப் பிடித்த கையும் தெளிவாக இருக்கும். இரண்டையும் இணைக்கும் புஜம் ஒரு தடித்த வளைந்து நெளிந்த கிறுக்கல் மட்டுமே. அந்தக் கிறுக்கலில்தான் கை அசைகிறது.

கரி ஒட்டாமல் வழுக்கினால் தாள் வழவழப்பானது என்று பொருள். சொரசொரப்பான தாளுக்கு மாறுங்கள். கையால் கலைந்தால், உள்ளங்கைக்கு அடியில் ஒரு வெற்றுத்தாளை வையுங்கள். ஃபிக்சேட்டிவ் (கரி உதிராமல் தாளில் பிடித்துவைக்கும் தெளிப்பு) அடித்ததும் படம் கறுத்துவிட்டால், அருகிலிருந்து ஒரே மூச்சில் நனைய நனைய அடித்திருப்பீர்கள். ஏறக்குறைய 30 செ.மீ. தள்ளி, மெல்லிய பூச்சாக, காயவிட்டுக் காயவிட்டு அடிக்க வேண்டும். காற்றோட்டமான வெளியிடத்தில் அடியுங்கள்.

பென்சிலில்: நிழல் பளபளக்கிறது, கோடு முடி முடியாக இருக்கிறது

பளபளப்பு உங்கள் குறை இல்லை. கிராஃபைட் தட்டையான செதில்களால் ஆனது; அழுத்தினால் செதில்கள் படுத்துக்கொண்டு ஒளியைத் திருப்பி அடிக்கும். 1795-இல் பிரெஞ்சுக்காரரான நிக்கோலா ஜாக் கோந்தே கிராஃபைட் பொடியோடு களிமண்ணைச் சேர்த்துச் சுடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய எச், பி வரிசையெல்லாம் அந்தக் கலவையின் விகிதம்தான்: களிமண் கூடினால் கடினம், குறைந்தால் கறுப்பு. எச்.பி.யை அழுத்திக் கறுப்பு வாங்க முயலாதீர்கள். 4பி, 6பி எடுத்து, மெதுவாக அடுக்கடுக்காகப் போடுங்கள். அதற்கும் மேல் கறுப்பு வேண்டுமென்றால் அந்தப் படம் பென்சிலுக்கானது இல்லை, கரிக்கானது. பென்சிலின் மேல் கரியைப் போட்டால் சரியாகப் பிடிக்காது என்பதால் இதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

முடி முடியான கோடு மணிக்கட்டிலிருந்து வருவது. மணிக்கட்டை ஊன்றினால் சிறு வில்லளவுக்குத்தான் கை சுழலும், நீளக் கோட்டைத் துண்டு துண்டாகத்தான் போட முடியும். பென்சிலைப் படுக்கையாகப் பிடித்து, தோளிலிருந்து கையை ஓட்டுங்கள். தொடங்கும் முன் தாளைத் தொடாமல் இரண்டு முறை அந்தப் பாதையில் கையை ஓட்டிப் பார்த்துவிட்டு இறக்கினால் கோடு ஒரே ஓட்டத்தில் வரும்.

மையில்: பரவுகிறது, குமிழ்கிறது, அடைக்கிறது

மை இழையிழையாகப் பரவினால் தாளைப் பாருங்கள். பசை போதாத தாள் மையை உறிஞ்சும். தடித்த தாளெல்லாம் நல்ல தாள் என்று நினைக்க வேண்டாம், ஒரு மூலையில் கோடு போட்டுச் சோதியுங்கள். கோட்டின் முனைகளில் மட்டும் பொட்டு விழுந்தால், யோசிக்கும்போது நிப்பைத் தாளிலேயே வைத்திருக்கிறீர்கள். யோசனை வந்தால் கையைத் தூக்கிவிடுங்கள். மையில் தொட்டு எழுதும் புதுத் தொடுநிப்பில் மை நிற்காமல் உருண்டால், துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் அது. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் சரியாகிவிடும்.

அரக்கு கலந்த இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றக் கூடாது. உள்ளே காய்ந்தால் தண்ணீரால் கரைக்க முடியாது. அது தொட்டு எழுதும் நிப்புக்கும் தூரிகைக்கும் உரியது. நீர்ப்பூச்சுக் கொடுத்ததும் கோடு கரைந்து ஓடினால் அந்த மை நீரைத் தாங்காத வகை. மையை மாற்றுங்கள், அல்லது பூச்சை முதலில் கொடுத்துக் காய்ந்தபின் கோடு போடுங்கள்.

தவறிய கோட்டை என்ன செய்வது? தடிமனாக்கி மறைக்கப் பார்த்தால் படத்திலேயே உரத்த கோடு அந்தத் தவறாகத்தான் இருக்கும். விட்டுவிட்டுச் சரியான கோட்டைப் பக்கத்தில் கொஞ்சம் அழுத்திப் போடுங்கள், கண் அதையே எடுத்துக்கொள்ளும். அல்லது வெள்ளை வண்ணத்தை மெல்லப் பூசிவிடுங்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பேனாச் சித்திரங்களிலேயே அப்படி வெள்ளை பூசித் திருத்திய இடங்கள் உண்டு.

எந்த அறிகுறியும் பொருந்தவில்லை, ஆனாலும் ஏதோ உதைக்கிறது

படத்தின் மேல் ஒரு டிரேசிங் தாளை வையுங்கள். தொண்டைக்குழி, இரு தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றில் புள்ளி மட்டும் வையுங்கள். ஆடைக்குள் மறைந்தவற்றை ஊகித்து வையுங்கள். புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து, தாளைத் தனியே எடுத்துப் பாருங்கள். ஒரு புஜம் மற்றதைவிட நீளமாக இருக்கும், அல்லது முழங்கால் தொடைக்கு நடுவில் முளைத்திருக்கும், அல்லது பாவாடைக்கோ கால்சட்டைக்கோ உள்ளே இடுப்பு இருக்கவே இடமில்லாமல் போயிருக்கும். அந்த ஒரு புள்ளியை நகர்த்தி, புதுத் தாளில் அங்கிருந்து ஆரம்பியுங்கள்.